அப்பா பெயரில் இருக்கும் அனுபவம்: சிறிய அரசு காண்ட்ராக்ட் நிறுவனம் வளர்வதும் கைமாறுவதும்

எங்கள் பக்கத்தில் அரசு காண்ட்ராக்டர் வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் துருப்பிடித்த கலவை மெஷின் ஒன்று நிற்கும். சுவர் ஓரமாக சென்டரிங் ஷீட் அடுக்கியிருக்கும். உள்ளே போனால் ஒரு பீரோ, அதன் கீழ்த்தட்டில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அந்தப் பையை வீட்டுப் பெண்கள்கூடத் தொட மாட்டார்கள். அதில்தான் வேலை முடித்த சான்றுகள், பழைய அக்ரிமென்ட் நகல்கள், வகுப்புப் பதிவுச் சான்று (எந்த அளவு வேலை வரை எடுக்கலாம் என்று துறை தரும் பதிவு) எல்லாம் இருக்கும்.

டெண்டர் பேப்பர் தயார் செய்து கொடுப்பதும் கணக்கு எழுதுவதும் என் பிழைப்பு. காண்ட்ராக்டரின் சொத்து என்ன என்று கேட்டால் ஜேசிபி, டிப்பர், மனை என்று சொல்வார்கள். நான் அந்தக் கட்டைப்பையைக் காட்டுவேன். ஜேசிபியை நாள் வாடகைக்கு எடுக்கலாம், பணத்தை வட்டிக்கு வாங்கலாம். 'இன்னார் இன்ன வேலையை இத்தனை லட்சத்துக்கு ஒழுங்காக முடித்தார்' என்று செயற்பொறியாளர் கையெழுத்துப் போட்ட தாளை யாரும் வாடகைக்குத் தர மாட்டார்கள்.

சிக்கல் அந்த 'இன்னார்' என்ற இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது அப்பா. போர்டில் 'கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்று எழுதியிருக்கும், லெட்டர்பேடில் லோகோகூட இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு நிறுவனம் கிடையாது. அப்பாவின் பான் எண்தான் நிறுவனம். தனிநபர் உரிமை, அதாவது புரொப்ரைட்டர்ஷிப் என்றால் இதுதான். நிறுவனத்தைப் பெரிதாக்குவது என்றாலும் மகன் கைக்குக் கொண்டுவருவது என்றாலும், அடியில் நடப்பது ஒரே வேலைதான்: ஒரு மனிதர் பெயரில் இருக்கும் தகுதியை ஒரு நிறுவனத்தின் பெயருக்கு நகர்த்துவது. இதற்கு ஆண்டுக்கணக்கில் நேரம் பிடிக்கும் என்பதைப் பலரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் யோசிக்கிறார்கள்.

அரசாங்கம் எதைப் பார்த்துத் தகுதி சொல்கிறது?

தமிழ்நாட்டில் அரசு டெண்டர்கள் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் 2000இல் வந்த அதன் விதிகளுக்கும் உட்பட்டு நடக்கின்றன. சின்ன வேலைகளுக்கு உரிய வகுப்பில் பதிவு இருந்தால் பெரும்பாலும் போதும். பெரிய வேலை என்றால் இரண்டு கவர் முறை. முதல் கவரில் தகுதி, இரண்டாவதில் விலை. முதல் கவரில் தேறாதவருடைய இரண்டாவது கவரைத் திறக்கவே மாட்டார்கள். 20 சதவீதம் குறைத்துப் போட்டிருந்தாலும் அது யாருக்கும் தெரியாமலே போகும்.

முதல் கவரில் என்ன கேட்பார்கள்? மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நாட்டில் பல டெண்டர் ஆவணங்கள் இன்னும் அந்த அளவுகோலைத்தான் அப்படியே அல்லது கொஞ்சம் மாற்றி வைத்திருக்கின்றன. கடந்த மூன்று ஆண்டுச் சராசரி விற்றுமுதல், அதாவது டர்னோவர், வேலை மதிப்பில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும். அதோடு கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் அதே மாதிரி வேலை முடித்திருக்க வேண்டும்: தலா 40 சதவீத மதிப்பில் மூன்று, அல்லது தலா 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று.

இரண்டு கோடி ரூபாய் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கு டெண்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி டர்னோவர் 60 லட்சம் வேண்டும். அனுபவத்துக்கு 80 லட்சத்தில் மூன்று கட்டடம், ஒரு கோடியில் இரண்டு, இல்லை 1.60 கோடியில் ஒன்று. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு விஷயம் பிடிபடும். 80 லட்சத்தில் ஒரே ஒரு கட்டடம் முடித்தவர் அடுத்து ஒரு கோடி டெண்டர் வரைதான் போகலாம். அதே அளவில் இரண்டு முடித்தவர் 1.60 கோடி வரை போகலாம். மூன்று முடித்தவர் இரண்டு கோடிக்குப் போகலாம். ஒரு பெரிய வேலைக்கு ஆசைப்பட்டு மூன்று வருஷம் காத்திருப்பதைவிட, ஒரே அளவில் மூன்று வேலையை அடுத்தடுத்து முடிப்பது வேகமாக மேலே தூக்கிவிடும். காண்ட்ராக்டர்களிடம் இதைச் சொன்னால், 'அட, இத்தனை நாள் தெரியாமப் போச்சே' என்பார்கள். டெண்டர் ஆவணத்தை நூறு தடவை கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார்கள், முழுக்கப் படித்திருக்க மாட்டார்கள்.

'அதே மாதிரி வேலை' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தார்ச்சாலை போட்ட அனுபவம் கட்டடத்துக்கு எண்ணப்படாது. எது ஒத்த வேலை என்பதை ஒவ்வொரு ஆவணமும் தனியாக வரையறுக்கும். சப் காண்ட்ராக்டாக எடுத்துச் செய்த வேலை இன்னொரு சோகம். மேல்தளம் வரை நாம்தான் கட்டினோம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் சான்று அக்ரிமென்ட் போட்டவர் பெயரில்தான் வரும். பல ஆண்டுகள் சப் எடுத்தே பிழைத்தவர்கள் கையில் வேலை தெரியும், பையில் தாள் இருக்காது.

அந்த ஏழு ஆண்டுக் கெடுவும் சும்மா இல்லை. 2018 ஜூனில் முடித்த வேலை 2025 ஜூனைத் தாண்டினால் கணக்கில் வராது. அப்பா வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய வேலை அதுவாகவே இருக்கலாம். வயதாகிவிட்டது, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாம் என்று மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு, பிறகு மகனிடம் கொடுக்கலாம் என்று நினைத்தால், அதற்குள் சான்றுகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிவிடும். ஓடுகிற வண்டியைத்தான் கைமாற்ற முடியும்.

இன்னொரு சல்லடை 'பிட் கெப்பாசிட்டி'. கையில் ஏற்கனவே இருக்கும் வேலையோடு இதையும் தாங்குவாரா என்று பார்ப்பது. கடந்த ஐந்து ஆண்டுகளில் அதிகபட்சமாகச் செய்த ஒரு வருடத்து வேலை மதிப்பை இன்றைய விலைக்கு ஏற்றி எடுத்துக்கொள்வார்கள். அதை இந்த வேலைக்கான கால அளவாலும், ஆவணத்தில் கொடுத்திருக்கும் ஒரு எண்ணாலும் (ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று மாறும்) பெருக்குவார்கள். அதிலிருந்து அந்தக் காலத்துக்குள் முடிக்க வேண்டிய கைவசப் பணிகளின் மதிப்பைக் கழிப்பார்கள்.

நம் ஆளின் சிறந்த வருடம் 1.20 கோடி. வேலைக்காலம் ஒரு வருடம், பெருக்கும் எண் இரண்டு என்றால் 2.40 கோடி. கையில் 70 லட்சத்துக்கு வேலை பாக்கி. கழித்தால் 1.70 கோடி. இரண்டு கோடி டெண்டர் கைநழுவிப் போகிறது. அந்தப் பாக்கியில் 30 லட்சத்துக்கு வேலையை முன்னதாகவே முடித்து அளவெடுத்து பில் போட்டிருந்தால் சரியாகத் தேறியிருப்பார். கிடைத்த சின்ன வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு அரைகுறையாக வைத்திருப்பது, பெரிய வேலைக்குப் போகும் வழியில் நாமே பள்ளம் வெட்டுவது போலத்தான்.

டெண்டர் விளம்பரத்துக்கும் கடைசி நாளுக்கும் இடையே, இரண்டு கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்பது விதி. சால்வன்சி சான்று (பணத் தகுதி உண்டு என்பதற்கான சான்று), ஆடிட்டர் கையெழுத்திட்ட டர்னோவர் சான்று, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் அந்த 15 நாளில் ஓடி ஓடி வாங்க முடியாது. அதனால் விளம்பரம் வராத மாதங்களில்தான் உண்மையான தயாரிப்பு நடக்க வேண்டும்.

வளர வளர பணம் எங்கே போகிறது?

வேலை கூடினால் லாபம் கூடும் என்று நினைப்பது இயல்பு. அரசு வேலையில் முதலில் கூடுவது முடங்கும் பணம். வேலை நடக்கும்போதே பகுதி பகுதியாகப் போடும் ரன்னிங் பில் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

உதவிப் பொறியாளர் எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், அளவு எழுதி, மேலே சரிபார்த்து, 20 லட்சத்துக்கு பில் பாஸ் ஆகிறது. ஜிஎஸ்டி தனி. தனிநபர் என்பதால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், 20,000. ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், 40,000. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், 20,000. பிறகு பிடித்து வைக்கும் பணம். நாம் 'ரிடென்ஷன்' என்போம். அக்ரிமென்ட்டுக்கு அக்ரிமென்ட் மாறும். இங்கே 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம். ஆக, 20 லட்சத்தில் 1.80 லட்சம் போய் 18.20 லட்சம் கைக்கு வருகிறது. இதில் வருமான வரியைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பிடித்தம் போர்ட்டலில் நம் ரொக்கக் கணக்கில் ஏறும், ஆனால் நாம் உள்ளே போய் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பல பேர் ஏற்றுக்கொள்ளாமல் ஒரு வருஷம் அப்படியே விட்டிருப்பார்கள். 'சார், அது நம்ம பணமா?' என்று அப்புறம் கேட்பார்கள்.

ரிடென்ஷன் கதை வேறு. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (கட்டியதில் குறை வந்தால் நாமே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடிந்த பிறகுதான் அது திரும்பும். அந்தக் காலம் இரண்டு வருஷம் என்றால், வருடம் இரண்டு கோடிக்கு வேலை செய்பவருடைய பணம் 20 லட்சம் எப்போதும் ஆபீஸில் தூங்கிக்கொண்டிருக்கும். நான்கு கோடிக்குப் போனால் 40 லட்சம். இதற்கு மேல் ஒவ்வொரு டெண்டருக்கும் கட்டும் முன்வைப்புத் தொகை, ஜெயித்தால் கட்டும் காப்புத் தொகை, ரொம்பக் குறைத்துப் போட்டிருந்தால் கூடுதல் காப்புத் தொகை. சிமெண்டுக் கடைக்காரர் 15 நாள்தான் பொறுப்பார். கம்பிக்கு அதுவும் இல்லை. மேஸ்திரிக்குச் சனிக்கிழமை சம்பளம். லாபம் எங்கே என்று மனைவி கேட்டால், டிவிஷன் ஆபீஸில் இருக்கிறது என்று உண்மையாகவே பதில் சொல்லலாம்.

இந்த இடைவெளியை வட்டிக்கடைப் பணத்தால் அடைத்தால் வேலை முடியும்போது லாபம் வட்டியாகப் போயிருக்கும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வரம்பும் பேங்க் கியாரண்டி (நமக்காக வங்கி தரும் உத்தரவாதம்) வரம்பும் வாங்குவதுதான் வழி. அங்கே போனால் பழைய பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கும். அரசுப் பணம் வங்கி வழியாகத்தான் வரும் என்பதால், மூன்று கோடி வரை டர்னோவர் உள்ள சிறு காண்ட்ராக்டர் உத்தேச லாப முறையில் 6 சதவீதம் காட்டி வரிக்கணக்கு முடித்துவிடலாம். கணக்குப் புத்தகம் வேண்டாம், ஆடிட் வேண்டாம். ரொம்ப வசதி. ஆனால் வங்கி மேலாளர் பேலன்ஸ் ஷீட் கேட்பார், டெண்டரில் தணிக்கை செய்த கணக்கு கேட்பார்கள். கையில் ஒன்றும் இருக்காது. பெரிதாக வளர எண்ணம் இருந்தால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மூன்று வருஷம் முன்னாலிருந்தே முழுக் கணக்கு எழுதத் தொடங்குங்கள் என்பேன். ஆடிட்டர் கட்டணத்தை மிச்சம் பிடித்தவர்கள் அதைப் போல இருபது மடங்கு வட்டியாகக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

உத்யம் சான்று, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்ற மத்திய அரசுப் பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. அது இருந்தால் முன்வைப்புத் தொகையே கட்ட வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கை குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் வாங்கச் சொல்கிறது. மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாகப் போட்ட சிறு நிறுவனம், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்தால் ஒரு பங்கு தரவும் வழி செய்கிறது. ஆனால் அந்தக் கொள்கையின் சலுகைகள் பொருள்களுக்கும் சேவைகளுக்கும்தான். கட்டடம், சாலை போன்ற பணி ஒப்பந்தங்களுக்குக் கிடையாது. துப்புரவு, காவல், வாகன வாடகை, டேட்டா என்ட்ரி என்று மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் நடத்துபவர்களுக்கு இது பெரிய வரம்.

வளர்ந்துவிட்டால் 'சிறு' என்ற அந்தஸ்து போய்விடுமே என்ற பயமும் அவ்வளவாகத் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் 25 கோடி முதலீடு, 100 கோடி டர்னோவர் வரை சிறு நிறுவனம்தான். எல்லையைத் தாண்டினாலும் வரி சாராத சலுகைகள் மூன்று ஆண்டுகள் தொடரும். அமெரிக்காவில் இந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. அங்கே பின்தங்கியவர்களின் சிறு நிறுவனங்களுக்கான '8-ஏ' திட்டத்தில் ஒன்பது ஆண்டுகள்தான் இருக்க முடியும். முதல் நான்கு வளர்ச்சிக் கட்டம், அடுத்த ஐந்துக்கு மாற்றக் கட்டம் என்றே பெயர். சலுகை இல்லாத சந்தைக்கு ஆளைத் தயார் செய்ய ஐந்து ஆண்டுகள் வேண்டும் என்று அங்கே சட்டமே ஒப்புக்கொள்கிறது. நம் ஊரில் அந்தக் கணக்கை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கைமாறுவது எப்படி?

சரி, அப்பாவுக்கு அறுபத்தெட்டு. மகன் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு எட்டு வருஷமாக சைட்டில் நிற்கிறான். ஆனால் எந்தக் காகிதத்திலும் அவன் பெயர் இல்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்றே அந்தப் பான் எண்ணில் நடக்கும் தொழில் நின்றுவிடும். ஜிஎஸ்டி எண், வங்கி நடப்புக் கணக்கு, டெண்டர் போடும் டிஜிட்டல் கையொப்பம், வகுப்புப் பதிவு எல்லாம் அந்தப் பான் எண்ணைப் பிடித்துத் தொங்குபவை. வாரிசுச் சான்று வாங்கி பழைய பாக்கிகளை வசூலிக்கலாம். அனுபவத்தை வசூலிக்க முடியாது. எட்டு வருஷம் சைட்டில் வெந்த மகன், கடைசி வகுப்பில் புதுப் பதிவு போட்டு முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

அண்ணன் தம்பி பிரிவினையிலும் இதே கதைதான். பாகப்பத்திரத்தில் நிலத்தைப் பிரிக்கலாம், ஆளுக்கொரு டிப்பர் எடுத்துக்கொள்ளலாம். அனுபவச் சான்றை நடுவில் கிழித்துப் பாதி பாதியாகக் கொடுக்க முடியாது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பதிவு விதிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: நிறுவனம் பிரிந்தால், பிரிந்தவர்கள் தகுதியைத் தனித்தனியாக நிரூபித்துத்தான் மறுபடி பதிவு பெற முடியும். நிறுவனத்தின் அமைப்பை மாற்றுவதற்கும் முன் அனுமதி வேண்டும். முதலில் மாற்றிவிட்டு அப்புறம் தகவல் சொல்வது ஆபத்து.

முதல் வழி, கூட்டாண்மை. அப்பா இருக்கும்போதே மகனைப் பங்குதாரராகச் சேர்த்து, பத்திரம் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்வது. செலவு குறைவு. ஆனால் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் பங்குதாரர் ஒருவர் இறந்ததும் கூட்டாண்மை கலைந்துவிடும். அதனால் 'ஒருவர் மறைந்தாலும் மற்றவர்கள் தொடர்வார்கள்' என்ற வரியைப் பத்திரத்தில் எழுதியே ஆக வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு. பங்குதாரர் இரண்டே பேர், ஒருவர் போய்விட்டார் என்றால், அந்த வரி இருந்தும் பயனில்லை. ஒற்றை ஆளோடு கூட்டாண்மை ஏது? அம்மாவையோ மருமகளையோ மூன்றாவதாகச் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு வீட்டில் இதை நான் சொன்னபோது அந்த அம்மா, 'எனக்கு எதுக்குப்பா காண்ட்ராக்டு, நான் சமைச்சுப் போடறதோட சரி' என்று சிரித்தார்கள். அவர்கள் கையெழுத்துதான் அந்த நிறுவனத்தைப் பின்னால் உயிரோடு வைத்திருக்கப் போகிறது என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

இரண்டாவது வழி, பிரைவேட் லிமிடெட். இயக்குநர்கள் வருவார்கள், போவார்கள், கம்பெனி இருக்கும். வங்கிக்கும் பெரிய துறைகளுக்கும் இது பிடிக்கும். பதிலுக்கு, டர்னோவர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஆடிட், பதிவாளருக்குப் படிவங்கள். உத்தேச லாப வசதி கிடையாது. பில்லில் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம் போய் 2 ஆகும் (கூட்டாண்மைக்கும் 2தான்). தனிநபர் தொழிலை அப்படியே கம்பெனிக்கு மாற்றும்போது மூலதன ஆதாய வரி விழாமல் இருக்க நிபந்தனைகள் உண்டு. சொத்தும் கடனும் முழுசாகக் கம்பெனிக்குப் போக வேண்டும். அதற்கு ஈடாக உரிமையாளர் பங்குகளை மட்டுமே வாங்க வேண்டும், ரொக்கமாக எதுவும் கூடாது. அவர் கையில் பாதிப் பங்காவது ஐந்து வருஷம் இருக்க வேண்டும். நல்ல சொத்தை வீட்டுக்கு வைத்துக்கொண்டு கடனை மட்டும் கம்பெனிக்குத் தள்ளும் யோசனை இங்கே செல்லாது.

அப்பாவின் அனுபவம் இந்தப் புது அமைப்புக்கு வந்து சேருமா? ஒற்றை வரியில் ஆமாம் என்று சொல்ல முடியாது. அது துறைக்குத் துறை, ஆவணத்துக்கு ஆவணம் மாறும். அதனால் மாற்றப் பத்திரத்தில், 'இன்ன பெயரில் நடந்த தொழில் முழுவதையும், அதன் ஒப்பந்த அனுபவம் உள்பட, நடப்பிலுள்ள தொழிலாகவே ஏற்றுக்கொள்கிறோம்' என்று தெளிவாக எழுதி, பழைய வேலைகளின் பட்டியலையும் இணைக்க வேண்டும். பிறகு துறையிடம் பதிவு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு டெண்டர் ஆவணத்தில் சந்தேகம் இருந்தால் டெண்டர் போடுவதற்கு முன் துறை நடத்தும் கூட்டத்தில் எழுத்தாகக் கேட்டு, எழுத்தாகப் பதில் வாங்க வேண்டும். 'சார் பரவாயில்லைன்னு சொன்னார்' என்பது பதில் ஆகாது. அந்த சார் அடுத்த மாதம் மாறுதலாகிப் போவார்.

ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை என்ன செய்வது? துறையின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தை இன்னொரு பெயருக்கு மாற்ற முடியாது. நடைமுறையில் நல்ல வழி, பழையதைப் பழைய பெயரிலேயே முடிப்பது, புது டெண்டர்களை மட்டும் புதுப் பெயரில் போடுவது. அதனால் ஒரு இரண்டு வருஷம் இரண்டு வண்டியும் ஓடும். இரண்டு ஜிஎஸ்டி எண், இரண்டு கணக்கு. மொத்தத் தொழிலையும் மாற்றும்போது பயன்படுத்தாத உள்ளீட்டு வரியை (பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியின் வரவு) புது எண்ணுக்குக் கொண்டுபோகத் தனிப் படிவம் இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பழைய எண்ணை ரத்து செய்தவர்கள் அந்தப் பணத்துக்கு முழுக்குப் போட்டதுதான் மிச்சம்.

நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஒருவருக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, 'பழைய கரண்ட் அக்கவுண்ட் எதுக்கு, சும்மா சார்ஜ் பிடிப்பாங்க' என்று மூடச் சொன்னேன். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சமுதாயக்கூட வேலையின் ரிடென்ஷன் நாலே கால் லட்சம் விடுவிக்கப்பட்டு, மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பிவிட்டது. திரும்பிய பணத்தை மறுபடி அனுப்ப வைக்க எட்டு மாதம். அதற்குள் அந்த ஆபீஸில் இரண்டு கணக்கர்கள் மாறிவிட்டார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. கடைசி ரிடென்ஷன் வந்து சேரும் வரை பழைய கணக்கை மூடவே கூடாது. இதை இப்போது ஒரு தாளில் எழுதி அவரவர் பாஸ்புக்கிலேயே ஒட்டிவிடுகிறேன்.

காகிதத்தில் வராத கைமாற்றம்

டிஜிட்டல் கையொப்பம் என்பது பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சி. அப்பாவின் குச்சி எங்கே என்று கேட்டால், பல வீடுகளில் பதில், 'பிரவுசிங் சென்டர் பையன்கிட்ட இருக்கு, பாஸ்வேர்டும் அவனுக்குத்தான் தெரியும்'. கோடிக்கணக்கில் விலை போடும் கையெழுத்து இப்படி அடுத்தவர் மேஜை டிராயரில் கிடக்கிறது. கைமாற்றத்தின் முதல் நாள் வேலை அந்தக் குச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவது.

இரண்டாவது, விலை போடும் புத்தி. அப்பா எஸ்டிமேட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணை மூடி, 'நாலு பர்சன்ட் லெஸ் போடு' என்பார். அது ஜோசியம் மாதிரி தெரியும். கூடவே உட்கார்ந்து, 'ஏன் நாலு?' என்று கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அந்த ஊருக்கு ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து வரும், கடைசி இரண்டு கிலோமீட்டரில் லாரி திரும்ப இடம் உண்டா, அங்கே தண்ணீர் உப்பா, நடவுக் காலத்தில் ஆள் கிடைக்குமா, ஐப்பசியில் அடித்தளம் தோண்டினால் மோட்டார் வைத்து இறைக்க எத்தனை நாள் ஆகும். இத்தனையும் சேர்ந்துதான் அந்த நாலு. முப்பது வருஷத்து டெண்டர்களில் ஒரு இருபதை எடுத்து, போட்ட விலை, ஆன செலவு, மிஞ்சியது அல்லது கையைக் கடித்தது என்று அப்பாவைச் சொல்லச் சொல்லி மகன் ஒரு நோட்டில் எழுதினால், எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பாடம் அது. எக்ஸெலில் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

மேஸ்திரிகள் விஷயமும் அப்படித்தான். அவர்கள் வேலை செய்வது அப்பாவின் வாய்ச்சொல்லுக்கு. 'அண்ணே சொன்னா சரி' என்று பில் வரும்வரை பொறுத்தவர்கள், தம்பியிடமும் அப்படிப் பொறுப்பார்களா என்பது முதல் இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் தெரிந்துவிடும். அந்தச் சனிக்கிழமைகளுக்கு மகன் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். வேறு எந்தச் செலவைத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை.

நான் சொன்ன அந்த வீட்டில் கடைசியில் கூட்டாண்மைதான் போட்டார்கள். அப்பா, அம்மா, மகன் மூன்று பேர். கம்பெனி ஆக்குவதை டர்னோவர் ஐந்து கோடியைத் தொடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாயிற்று. பழைய அனுபவம் எண்ணப்படுமா என்ற வம்பே வேண்டாம் என்று, புதுப் பெயரில் முதலில் எடுத்தது 18 லட்சத்தில் ஒரு அங்கன்வாடிக் கட்டடம். அப்பாவுக்கு ஏக வருத்தம். 'ஒன்றரைக் கோடி வேலை பார்த்தவன் அங்கன்வாடிக்கு அஸ்திவாரம் தோண்டறேன்' என்று சைட்டில் நின்று புலம்பினார். மகன் பதில் பேசவில்லை. வேலை முடிந்து சான்று வந்ததும் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, புது ஃபைல் ஒன்று வாங்கி, முதல் தாளாக வைத்தான். அன்று சாயங்காலம் நான் போயிருந்தபோது அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சான்றில் பங்குதாரர்கள் என்ற இடத்தில் தன் பெயரை இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.